விளக்குக்குத் திரை தைத்தவர்

தார்ப்பாய்க்காரரைப் பற்றி அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், முதலில் அவருடைய தையலைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். ஏணியைப் பற்றித்தான் சொல்வார்கள். கடைக்கு வெயில் மறைப்பு, லாரிக்குத் தார்ப்பாய், படகுக்கு மூடுதுணி, வண்டிக்கு சீட் உறை என்று கெட்டித் துணியில் எது தைக்க வேண்டுமென்றாலும் ஊரில் அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் தைத்ததைக் கொண்டுபோய் மாட்டுகிற நாள் வந்தால் ஏணியில் ஏறுவது அவர் மனைவி. அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். பிடிப்பதோடு சும்மா இருக்க மாட்டார். இடது பக்கம் தொய்கிறது, கயிற்றை இன்னும் இழு, அதெல்லாம் ஒரு முடிச்சா என்று தரையைப் பார்த்துக்கொண்டே நாட்டாமை செய்வார். அண்ணாந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

இவ்வளவு பயத்துக்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. கேட்டவர்களை ஏமாற்றுவானேன் என்று அவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தார். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததாகப் பால்காரரிடம் சொல்லியிருந்தார். காதுக்குள் ஏதோ கோளாறு என்று மருந்துக்கடைக்காரரிடம். இரண்டு பேரும் ஒருநாள் பேசிக்கொண்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. உண்மையில் ஒரு காரணமும் கிடையாது. பிறந்ததிலிருந்தே பயம், அவ்வளவுதான். நாற்காலி மேல் ஏறி பல்பை மாற்றச் சொன்னால், இருட்டும் ஒரு சுகம்தானே என்று உட்கார்ந்துவிடுகிற ரகம்.

மனைவி அப்படியே நேர் எதிர். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்து, விளிம்பு வெட்டி, சட்டத்தில் பொருத்தித் தருவாள். அவர் இளைஞராக இருந்தபோது ஒருமுறை உடைந்த கண்ணாடியோடு அந்தக் கடைக்குப் போனார். அந்த வருஷம் அவருடைய கண்ணாடி அடிக்கடி உடைந்தது. பிறகு அவருடைய நண்பர்களின் கண்ணாடிகளும் உடைய ஆரம்பித்தன. ஐந்தாறு நண்பர்கள் இவர் தயவில் புதுச் சட்டத்தோடு நடமாடிய பிறகு, இதற்குக் கல்யாணமே சிக்கனம் என்று இரண்டு வீட்டிலும் முடிவு செய்தார்கள். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்லூரிக்கும் போனாள். அப்பா அம்மா ஏணிக் கதையைச் சொல்லியே தோழிகள் மத்தியில் பேர் வாங்கினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கலங்கரை விளக்கம் வந்தது. வந்தது என்றால், அது எப்போதும் அங்கேதான் இருந்தது. ஊர்க்கோடியில், கடலுக்குள் நீண்டிருக்கிற பாறையின் மேல் கல்லால் கட்டிய கோபுரம். பக்கத்திலேயே இரும்புக் கம்பம் நட்டு அதன் தலையில் ஒரு விளக்கை மாட்டிய நாளிலிருந்து இதை யாரும் ஏற்றுவதில்லை. புறாக்கள்தான் குடியிருந்தன. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்துக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்து, கோபுரத்தைச் சீர்செய்து, உச்சியில் இருந்த அதே லென்ஸைக் கொண்டே மறுபடி விளக்கேற்றுவது என்று தீர்மானித்தார்கள். பொறுப்புக்கு ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். பாதிப் பேச்சு பேசுவார், மீதியைச் செய்து காட்டுவார். முன்னால் யாரோ அக்கறையில் பூசிவிட்டுப் போன சிமெண்டுதான் கல்லுக்குள் ஈரத்தைச் சிறைவைத்திருக்கிறது என்று முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசவைத்தார். கொத்தனார்களுக்கு முதலில் கோபம். சுவர் உலர்ந்து வெளுத்ததைப் பார்த்த பிறகு அவர்களே அடுத்த ஊர்க் கொத்தனார்களுக்குப் பாடம் எடுத்தார்கள்.

லென்ஸ்தான் பெரிய வேலை. ஆள் உயரத்துக்கும் மேலே, பித்தளைச் சட்டத்துக்குள் பட்டை பட்டையாக அடுக்கிய கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் உப்பும் எண்ணெய்ப் புகையும் பிசுக்கும் ஏறி, ஓட்டல் அடுப்பங்கரை ஜன்னல் போல மங்கிக் கிடந்தன. கீறாமல் துடைக்கத் தெரிந்த கை வேண்டும் என்று இன்ஜினியர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வந்து கேட்டார். கடைக்காரர் பின்பக்கத்தைக் காட்டினார். தார்ப்பாய்க்காரர் மனைவி மறுநாளே கோபுரம் ஏறிவிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாயங்காலம் அவள் தையல் கடைக்கு வந்து, வெட்டுத் துணிக் குவியல் மேல் உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டவைத்திருந்த பழைய மக்கு கல்லாக இறுகிவிட்டதையும், அதை இரும்பால் தொடாமல் மூங்கில் சிம்பால் நெம்பி எடுத்ததையும் சொல்வாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்தில் வானவில் ஓடியதைச் சொல்லும்போது கையெல்லாம் ஆடும். அவர் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், அதில் குறை சொல்ல முடியாது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு தடவை மேல வந்து பாத்துட்டுப் போங்களேன். நான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன்."

நாளைக்கு வருகிறேன் என்றார். மறுநாள் முட்டி வலித்தது. அதற்கடுத்த வாரம் லாரிக்காரர் அவசரப்படுத்தினார். ஒருநாள் நிஜமாகவே கிளம்பிக் கோபுரத்தின் வாசல் வரை போய், உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற படிகளை எட்டிப் பார்த்தார். நேரே வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்துவிட்டார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். கதை மட்டும் சொன்னாள். அதுவும் முன்பு போலக் கையை ஆட்டிச் சொல்லவில்லை. அது அவருக்கு உள்ளே உறுத்தியது. கல்யாணமானதிலிருந்து நம் துணியை மாட்டுவதற்காக எத்தனையோ ஏணி ஏறியவள், தன் வேலையைப் பார்க்க ஒரே ஒரு தடவை ஏறச் சொல்கிறாள், அதற்கு நமக்கு வக்கில்லையே என்று தன்னைத் தானே நொந்துகொண்டார். நொந்துகொள்வதற்கு உயரம் தேவையில்லை என்பதால் அதைத் தாராளமாகச் செய்தார்.

லென்ஸை மறுபடி பூட்டி நிறுத்திய மறுநாள் ஒரு கூத்து நடந்தது. பெயின்டர் தன் தொப்பியை விளக்கறைக் கம்பியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தால் தொப்பி புகைந்துகொண்டிருந்தது. ராத்திரியில் சின்ன விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் கடல் தாண்டி அனுப்புகிற அதே லென்ஸ், பகலில் சூரியனை வாங்கிக் குவித்து எதன் மேல் விழுகிறதோ அதைப் பொசுக்கிவிடும். பிசுக்கோடு இருந்தவரை சாதுவாக இருந்தது. அவள் துடைத்த துடைப்பில் அதற்கு உயிர் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் விடிந்ததும் விளக்கறைக் கண்ணாடிச் சுவர் முழுக்கத் திரை கட்டி, பொழுது சாயும்போது கழற்றி மடித்து வைப்பார்களாம். இன்ஜினியர் பழைய படங்களைத் தேடி எடுத்துக் காட்டினார். யார் தைப்பது என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

தார்ப்பாய்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மேலே ஏறாமலே அவள் வேலையில் பங்குகொள்ள ஒரு வழி பிறந்துவிட்டதே. அவள் நூலில் முடிச்சுப் போட்டு அளவு எடுத்துவந்தாள். அதை நம்பி அப்படியே வெட்டுகிற ஆள் இல்லை அவர். கடைக்கு முன்னால் தெருவில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக்கட்டியால் விளக்கறையின் வட்டத்தை வரைந்தார். சுற்றிலும் நாற்காலிகளைப் போட்டு, கோல் கட்டி, பழைய படுதாக்களை மாட்டி, உள்ளே நின்று பார்த்தார். சைக்கிளில் வந்தவர்களெல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தரையில் இருந்தபடியே அவர் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றார் என்று மகள் சொன்னாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக் கித்தான், உள்ளே இன்னொரு துணி, ஓரத்தில் இரட்டை மடிப்பு, மேலே பித்தளைக் கொக்கிகள். ஊசி நுழைந்த இடத்தில்கூட வெயில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தையலையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சோதித்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்றைத் தைத்ததில்லை. அவளும் இன்ஜினியரும் கொண்டுபோய் மாட்டினார்கள். கடற்கரையில் நிற்பவர்களுக்குக் கோபுரத்தின் தலை வெள்ளைத் துணி சுற்றினாற்போல் தெரிந்தது. அவர் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, தான் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, விரலை மேலே நீட்டி, அதோ தெரிகிறதே, அது நம்ம தையல் என்று சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் துணிக் குவியல் மேல் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "திரை மேல போயிடுச்சு. தைச்சவர்தான் இன்னும் கீழயே இருக்காரு."

குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

விளக்கேற்றும் நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் மேடையில் இருக்கிற பொத்தானைப் பெரிய அதிகாரி ஒருவர் அழுத்துவார், உச்சியில் விளக்கு எரியும், லென்ஸ் சுழலும் என்று ஏற்பாடு. பெரிய அதிகாரிகள் தாமதமாகத்தான் வருவார்கள் என்பதை நம்பித்தான் ஊரே எல்லா வேலையையும் வகுத்திருந்தது. நாற்காலி போடுகிறவர் அதை நம்பி டீ குடிக்கப் போயிருந்தார். அவளும் அதை நம்பித்தான், மத்தியானம் கடைசியாக ஒருமுறை லென்ஸைத் துடைத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு வந்து திரையைக் கழற்றலாம் என்று இறங்கி வீட்டுக்குப் போனாள். அந்த மனிதர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். இப்படி ஒரு அநியாயத்தை யார் எதிர்பார்ப்பார்கள்? அவள் கோபுரத்துப் பக்கம் வருவதற்குள் இரண்டு பேர் மடக்கி மேடையில் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். பேச்சுக்கு நடுவில் நழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் பேச்செல்லாம் அவளைப் பற்றியே இருந்தது. கடைக்குப் பின்பக்கமே உட்கார்ந்து பழகியவளை ஒலிபெருக்கியில் புகழ்ந்தால் அவள்தான் என்ன செய்வாள்? கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரை சுத்தமாக மறந்துவிட்டது.

தார்ப்பாய்க்காரர் மேடைக்கு எதிர்ப்பக்கம், கோபுர வாசலில் நின்றிருந்தார். விளையாட்டுப் பிள்ளைகள் யாரும் உள்ளே ஏறிவிடாமல் காவல் காக்கிற வேலை. ஏறவே மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த ஆளை அங்கே நிறுத்தியது இன்ஜினியரின் யோசனை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மனைவியைப் புகழ்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் தான் தலையாட்டி நன்றி சொல்லிக்கொண்டு நின்றார்.

பொழுது சாய்ந்தது. அதிகாரி பொத்தானை அழுத்தினார். எல்லாரும் அண்ணாந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. கோபுரம் இருட்டாகவே நின்றது. மறுபடி அழுத்தினார். எலக்ட்ரீஷியன் மின்பெட்டிக்கு ஓடினார். முள் ஆடுகிறது, மின்சாரம் போகிறது, விளக்கு எரிந்தாக வேண்டுமே என்று பெட்டியை முறைத்துப் பார்த்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

தார்ப்பாய்க்காரரும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார். இரண்டு திரைகள் சேருகிற இடத்தில் நூலளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. விளக்கு ஜோராக எரிகிறது. அவருடைய தையல்தான் அதை வெளியே விடவில்லை.

மேடையைப் பார்த்தார். அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. அவளுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. அவள் இறங்கி ஓடினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவரே கத்திச் சொன்னாலும் தெரிந்துவிடும். இத்தனை நாள் துடைத்த துடைப்பெல்லாம் போய், திரையை எடுக்க மறந்த அம்மா என்கிற ஒரே பேர்தான் நாளை முதல் மிஞ்சும். ஊருக்கு அந்த மாதிரிப் பேர் வைப்பதில் ஒரு சுகம் உண்டு. தனக்குத் தார்ப்பாய் என்று பேர் வைத்த ஊர்தானே. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. உள்ளே நுழைந்துவிட்டார்.

சுற்றுப்படியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினார். புதுச் சுண்ணாம்பு நல்ல சட்டையின் ஒரு தோளை முழுசாக வெள்ளையடித்தது. நீளத் தார்ப்பாய் தைக்கும்போது அவர் ஒருபோதும் துணியின் கோடியைப் பார்க்க மாட்டார், ஊசிக்கு முன்னால் இருக்கிற அடுத்த தையலை மட்டும் பார்ப்பார். இங்கேயும் அப்படியே அடுத்த படியை மட்டும் பார்த்தார். படி எத்தனை என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். நல்ல காலம், அது அவர் நினைவில் நிற்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன இரும்பு ஏணி வந்தது. அதைக் கீழே இருந்து பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

மேலே சூடான கித்தான் வாசம் அடித்தது. கண்ணைத் திறந்தபோது நாலாபக்கமும் தன் திரைகள்தான் தெரிந்தன. அது ஆறுதலாக இருந்தது, ஏதோ கடைக்குள் நிற்பதாகவே தோன்றியது. ஆனால் முதல் திரையின் கொக்கியைக் கழற்றியதும், துணி இறங்கிய இடத்தில் கடலும் வானமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் முடியாது என்று வாய்விட்டே சொன்னார். கேட்க ஆள் இல்லாததால் மறுபடி எழுந்தார்.

வெளியே பார்த்தால்தானே பயம் என்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கையைத் தலைக்கு மேலே பின்னால் நீட்டி, தடவித் தடவிக் கொக்கிகளைக் கழற்றினார். ஒவ்வொரு கொக்கியும் அவரே தைத்தது, கண் தேவைப்படவில்லை. அப்படித் திரும்பி நின்றபோதுதான் எதிரே லென்ஸ் இருந்தது.

வேறு எங்கும் பார்க்க வழியில்லாமல் அதையே பார்த்தார். மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. வளையம் வளையமாக அடுக்கிய பட்டைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வண்ணங்கள் ஓடின. வெளிச்சம் முகத்தைக் கடக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டார், கடந்ததும் மறுபடி திறந்து பார்த்தார். சாயங்காலந்தோறும் துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அவள் சொன்னதெல்லாம் இதைத்தானா என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு நாள் வராமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது, இப்போதாவது வந்தோமே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் சந்தோஷமே கூடுதல்.

கீழே கூட்டம் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டான கோபுரத்தின் உச்சியிலிருந்து திடீரென்று ஒரு கீற்று கிளம்பிக் கடலைத் தொட்டுவிட்டு மறைந்தது. லென்ஸ் சுற்றி வந்ததும் மறுபடி தொட்டது. சற்றுப் பொறுத்து அந்தக் கீற்று அகன்றது. இன்னும் சற்றுப் பொறுத்துப் படகுத்துறை வரை எட்டியது. அகல அகலக் கைதட்டல் கூடியது. விளக்கை ஒரேயடியாகக் காட்டாமல் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுகிற கற்பனை தன்னை மெய்சிலிர்க்க வைக்கிறது என்று அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார். இன்ஜினியர் விவரமானவர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். எலக்ட்ரீஷியன் மட்டும் மின்பெட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் மேலே யார் என்று உற்றுப் பார்த்தாள். ஒரு திரை இறங்கி அடுத்த திரை இறங்க ஏன் இவ்வளவு நேரம் என்று பார்த்தாள். வெளிச்சத்தின் முன்னால் ஒரு நிழல், கழற்றிய திரையைக் கீழே போடாமல், முனையோடு முனை சேர்த்து, உதறி, நிதானமாக நாலாக மடித்துக்கொண்டிருந்தது. இந்த அவசரத்திலும் துணியை மடிக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவள் மேடையிலிருந்து இறங்கினாள். எல்லாரும் அண்ணாந்து இருந்ததால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடித்த திரைகளை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. கண் லென்ஸை விட்டு அகலவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஏறிட்டீங்களே" என்றாள்.

"ஏறுனது கெடக்கட்டும். எறங்குறது எப்படின்னுதான் தெரியல."

"அத அப்புறம் பாத்துக்கலாம். இதச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அடுத்தவர் வேலையில் கோணலைக் கண்டுபிடித்தே பழகிய மனிதர், தேடித் தேடிப் பார்த்தார்.

"கண்ணாடி எங்க இருக்குன்னே தெரியல" என்றார். "வெளிச்சம் மட்டும்தான் இருக்கு."

கண்ணாடி துடைக்கிறவளுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தையை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மேடையில் அத்தனை பேர் அத்தனை நேரம் பேசியதில் இது இல்லை. அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அவருடைய சுண்ணாம்பு படிந்த தோளிலேயே முகத்தைத் துடைத்ததில் மூக்கெல்லாம் வெள்ளையானது. அதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

கீழே அதிகாரி புகைப்படத்துக்கு அவளைத் தேடுகிறார் போலிருந்தது, ஒலிபெருக்கி அவளைக் கூப்பிட்டது. அவள் எழுந்திருக்கப் போனாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இத்தன நாளும் கடையில உக்காந்து சொன்னியே, அதெல்லாம் இன்னொரு தடவ சொல்லு. இப்ப கையக் காட்டிச் சொல்லு. நான் எங்கயும் போகல."

அவள் ஒலிபெருக்கியைக் காதில் வாங்கவில்லை. அடி வரிசைக் கண்ணாடிகளிலிருந்து ஆரம்பித்தாள்.